பல் மருத்துவக் கருவியால் பரவும் தொற்று: எல்லையோரத் தமிழர்களுக்குக் காவல் எது?

புது தில்லி: பல் வலிக்குச் சிகிச்சை பெறச் சென்றவர்கள் மூளைத் தொற்றால் மாண்டனர். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் நிகழ்ந்த இந்தத் துயரம், மாநில எல்லையைத் தாண்டிச் சிகிச்சை பெறும் மக்களின் பாதுகாப்பு குறித்தும் கேள்வி எழுப்பியுள்ளது.

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழக மாவட்டங்களில் 21 பேருக்கு, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்து பேரில் 8 பேர் உயிரிழந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் வல்லுநர்கள் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது.

மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம். ஈறை விலக்கும் அறுவைக் கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, பஞ்சால் தளர்வாக மூடி, அதே சலைனை மற்ற நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதே தொற்று பரவிய வழி என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பயன்பாட்டில் இருந்த பாட்டிலிலேயே அக்கிருமியின் தடயம் கிடைத்தது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். குமுளி, போடிமெட்டு, வாளையாறு வழியாகத் தமிழக நகரங்களுக்கு வந்து போவது இவர்களுக்குப் புதிதல்ல. ஆனால், சிகிச்சை பெறும் இடத்தைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. தமிழகத்தில் 1997-ம் ஆண்டுச் சட்டமும், கேரளத்தில் 2018-ம் ஆண்டுச் சட்டமும் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்துகின்றன. மத்திய அரசின் 2010-ம் ஆண்டுச் சட்டத்தை இரு மாநிலங்களும் ஏற்கவில்லை.

கிருமிக்கோ மாநில எல்லை கிடையாது. அதைத் தடுக்கும் முறையும் எங்கும் ஒன்றே. ரத்தம் படும் கருவிகளை நன்கு கழுவி, உறையிலிட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைப்பது போதாது. பல்லைக் குடையும் கருவியின் உட்குழாய்க்குள் ரத்தமும் எச்சிலும் புகக்கூடும் என்பதால், மேற்புறத்தை மட்டும் துடைப்பதில் பயனில்லை. அறுவைச் சிகிச்சையில், ஒருவருக்குத் திறந்த சலைனை அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த விதிகள் மீறப்பட்டால் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் பரவும் அபாயம் உண்டு.

பல் மருத்துவக் கல்வியையும் தொழிலையும் நெறிப்படுத்த, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியது. எனினும், உள்ளூர் மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் இயங்குகிறதா என நேரில் பார்க்க வேண்டியது மாநில அதிகாரிகளே. எல்லை மாவட்டங்களில் இரு மாநில அதிகாரிகளும் தகவலைப் பகிர்ந்து சோதனை நடத்த வேண்டும். கருவியின் உறையைத் தம் கண்ணெதிரே பிரிக்கக் கோரும் துணிவு நோயாளிகளுக்கும் வேண்டும். வாணியம்பாடியில் 8 உயிர்களைக் காத்திருக்கக் கூடியது புதிய சலைன் பாட்டில்தான்.