மழை இல்லையா, கம்பி அறுந்ததா?

மாணவர்களே, 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கேமரன் மலை லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்தது. கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பெர்த்தாம் ஆற்றோர வீடுகளைச் சூழ்ந்தது. உயிர்கள் பலியாயின. இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளில் மழையளவையும் நீர்மட்டத்தையும் இரவு பகலாகக் குறித்துவைக்க உதவும் கருவிதான் தரவுப் பதிவி. அதனுடன் உணரிகளை எப்படி இணைக்கிறார்கள்?

முதலில் மழைமானி. அதன் புனலுக்கு அடியில் சீசாப் பலகைபோல இரு சிறு கிண்ணங்கள் உள்ளன. ஒன்று நிரம்பியதும் கவிழ்ந்து நீரைக் கொட்டும்; மற்றொன்று மேலெழுந்து புனலுக்கு நேராக வரும். ஒவ்வொரு முறை கவிழும்போதும் அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைக் கடந்து, மின்சுற்றை ஒரு கணம் மூடும். சுவிட்சின் இரு கம்பிகளில் ஒன்று பதிவியின் துடிப்பு உள்ளீட்டிலும் மற்றது தரை முனையிலும் இணையும். பல மழைமானிகளில் ஒரு துடிப்பு என்பது 0.2 மி.மீ. மழை. இந்த எண்ணைப் பதிவியில் நாம்தான் கொடுக்க வேண்டும். 0.1 என்று கொடுத்துவிட்டால், 60 மி.மீ. மழை 30 மி.மீ. எனப் பதிவாகும், எச்சரிக்கை பிந்திவிடும்.

அடுத்து ஆற்றின் நீர்மட்டம். நீருக்கடியில் இருக்கும் அழுத்த உணரி, ஆழத்திற்கேற்ப 4 முதல் 20 மில்லியம்பியர் வரை மின்னோட்டம் தரும். 10 மீட்டர் வரை அளக்கும் உணரியில் 4 என்றால் 0 மீட்டர், 12 என்றால் 5 மீட்டர், 20 என்றால் 10 மீட்டர். ஏன் 0 மில்லியம்பியரில் தொடங்கவில்லை? கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். அதைப் பதிவி 'நீர் இல்லை' என்று எண்ணாமல், 'பழுது' என்று கண்டுகொள்ளும்.

சாதாரண மழைமானிக்கு இந்த வசதி இல்லை. மழை பெய்யாவிட்டாலும் துடிப்பு வராது. கம்பி அறுந்தாலும் வராது. சருகு புனலை அடைத்தாலும் வராது. ஆகவே அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

புனலின் விட்டம் 20 செ.மீ. என்றால் அதன் வாய்ப்பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. அப்போது 0.2 மி.மீ. மழைக்குரிய நீர் 6.28 மில்லிலிட்டர். 628 மில்லிலிட்டர் நீரை மெல்லச் சொட்டவிட்டால், பதிவி ஏறக்குறைய 100 துடிப்புகளை, அதாவது 20 மி.மீ. மழையைக் காட்ட வேண்டும். வேகமாக ஊற்றினால், கிண்ணம் கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் போகும்.

புனலின் விட்டம் 16 செ.மீ. ஆனால், 100 துடிப்புகளுக்கு எவ்வளவு நீர் வேண்டும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.