தசைக்கு மறுகல்வி

தொழுநோயினால் விரல்கள் மடங்கிப்போன கையைப் பலரும் கண்டிருப்பர். கிருமி விரலைத் தின்றுவிட்டது எனப் பொதுமக்கள் கருதுவது தவறு. முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்பு பழுதுறுகிறது. அதற்குட்பட்ட உள்ளங்கைச் சிறு தசைகள் ஓய்கின்றன. விரலின் அடி மூட்டை மடக்கி, மற்ற இரு மூட்டுகளையும் நீட்டுவது அச்சிறு தசைகளின் வேலை. அவை ஓய்ந்ததும் விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. சோற்றை அள்ளவும், குவளையைப் பற்றவும் அக்கை தடுமாறும்.

ஆயினும் முன்கையின் வலிய தசைகளுட் பல கெடாமல் எஞ்சுகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் இவ்வுண்மையைப் பயன்படுத்தி, 1948ஆம் ஆண்டில் இத்தகைய கைகளுக்கு ரண சிகிச்சை செய்யத் தொடங்கினார். கட்டைவிரல் நீங்கலாக, ஒவ்வொரு விரலையும் மடக்க இரு தசைநாண்கள் உண்டு. நடுவிரலின் இரண்டில் ஒன்றை எடுத்து, நான்கு கீற்றுகளாக வகிர்ந்து, நான்கு விரல்களின் பக்கங்களிலும் தைப்பது ஒரு முறை.

தைத்தவுடன் கை குணமாகிவிடுமோ? ஆகாது. நடுவிரலை மடக்கி வந்த தசைக்கு இப்பொழுது நான்கு விரல்களின் பொறுப்பு வந்துவிட்டது. மூளையோ இம்மாற்றத்தை அறியாது. ஆகவே கத்தி படுமுன்னரே பயிற்சி தொடங்குகிறது. மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவிரலை மட்டும் தனியே மடக்கப் பழக்குவர். பின்னர் ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக் கட்டு. அதனை அவிழ்த்ததும், "முன்போல் நடுவிரலை மடக்குங்கள்" என்பர். நோயாளி முயல, நான்கு விரல்களும் அடி மூட்டில் ஒருங்கே மடங்கும்! உணர்ச்சி குன்றிய கையாதலின் அவர் கண்ணால் பார்த்தே கற்கவேண்டும். நாளடைவில் நினையாமலே கை இயங்கும். இதில் பிசியோதெரபி பயிற்றுநரின் பொறுமைக்கு ரண வைத்தியரின் திறமையைவிடக் குறைந்த பங்கென்று கூற எமக்கு மனமில்லை.

1954இல் விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே இக்கை சிகிச்சையைச் செய்தவர். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பயனாகும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்க சோதனை எளிது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, சுண்டுவிரலை வெளிப்புறமாக விலக்கச் சொல்லி, தம் விரலால் எதிர்த்து அழுத்துக. அது தளர்ந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புக. பலவீனம் தோன்றி ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசோலோன் மருந்து தொடங்கினால் நரம்பு மீளும் வாய்ப்புண்டு. ரண சிகிச்சையே தேவைப்படாது போகலாம். காலங்கடந்தவர்களும் நாள்தோறும் எண்ணெயிட்டு விரல்களை மெல்ல நீவி நீட்டி வரவேண்டும். மூட்டு விறைத்துப்போன பின் எத்தசைநாணை மாற்றித் தைத்தும் பயனில்லை.