தம் அழகைத் தாமே துறந்த ஆசான்

பனிமலைச் சரிவிலே நீண்ட பலகைகள் இரண்டைக் காலிற் பூட்டி விரைந்திறங்கி, மேடை விளிம்பினின்றும் வானிற் பாய்ந்து, நூறு மீற்றருக்கும் அப்பால் நிலந்தொடும் விளையாட்டொன்று ஐரோப்பாவில் உண்டு. பனியையே காணாத நம் மாணவர்க்கு அதனை விளக்குதல் எளிதன்று. ஆயினும், அத்துறையில் வீரராய், ஆசானாய், அதிகாரியாய் விளங்கிய ஒருவரின் வரலாறு ஆசிரியத் தொழில் புரிவோர் சிந்தித்தற்குரியது என்பது என் துணிபு.

அவர் ஒஸ்திரிய நாட்டினரான அன்ரன் இன்னவர். (பெயர் நம் செவிக்குத் தமிழ் போலவே ஒலிக்கின்றது!) 1958 இற் பிறந்த அவர், 1976 இல் இன்சுபுறுக் ஒலிம்பிக்கிலே பதினேழு வயதில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதற் பாய்ச்சலில் முன்னின்றும், முடிவிலே பொற்பதக்கம் தம் நாட்டவராகிய கார்ல் சினாபலுக்கே சென்றது. அடுத்த மாதம் மேற்கு ஜேர்மனியின் ஓபர்சுடோர்வில் 176 மீற்றர் பாய்ந்து உலகச் சாதனை நிறுவினார்.

அதனினும் பெரிதொன்று உண்டு. இவ்விளையாட்டில் தூரம் மட்டும் போதாது. நடுவர் ஐவர், பாய்ச்சலின் அழகு நோக்கி, ஒவ்வொருவரும் 20 புள்ளி வரை வழங்குவர். ஐவரும் ஒருங்கே முழுப்புள்ளி அளிக்க முதன்முதலிற் பெற்றவர் இன்னவரே, அதுவும் ஓபர்சுடோர்விலேயே. பலகைகள் இரண்டும் பிரியாது இணையாய்ச் செல்லுதலே அந்நாளில் அழகெனப்பட்டது. 1980 இல் லேக் பிளாசிட்டில் பொற்பதக்கம் வென்றார். அவ்வாண்டே காலிற்பட்ட காயத்தால், இருபத்திரண்டு வயதிலே களம் நீங்கினார். பின்னர் மெய்யியலும் உளவியலும் கற்றுப் பயிற்சியாளரானார்.

அக்காலையிலே சுவீடன் நாட்டு யான் பொக்லேவ் என்பவர் பலகைகளின் முனைகளை அகல விரித்துப் பாய்ந்தார். அவலட்சணம் என்று நடுவர் புள்ளிகளைக் குறைத்தனர். காற்றோ நடுவர் பேச்சைக் கேட்கவில்லை. விரிந்த பலகைகளை அது மிகுதியாய்த் தாங்கிற்று. 1988–89 பருவத்தின் உலகக் கிண்ணம் பொக்லேவுக்கே கிடைத்தது.

1989 இல் ஒஸ்திரிய அணியின் தலைமைப் பயிற்சியாளரான இன்னவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தமக்கு நூற்றுக்கு நூறு ஈட்டித்தந்த முறையையே கைவிடுமாறு மாணவர்க்குக் கூறவேண்டியவரானார், கூறவும் செய்தார். முப்பதாண்டாக யாப்பிலக்கணம் கற்பித்துவரும் யான் ஒன்று கேட்பேன்: தாம் பரிசு பெற்ற நடையைத் தம் மாணாக்கர் துறக்க மனம் ஒப்பும் பண்டிதர் எம்முள் எத்தனை பேர்? இளைஞர்க்குப் புதுமுறை எளிதிற் படியும். பழைய முறையிலே முதிர்ந்த ஏர்ன்சுற் வெற்றோரி போன்றார்க்கோ, கற்றதை மறத்தலே பெரும்பாடு. அவ்வெற்றோரியே 1992 இல், அல்பேர்வில் ஒலிம்பிக்கின் சிறிய மேடையிலே, புதுமுறையாற் பொன் வென்றார். வெள்ளி பெற்ற மாட்டின் ஹோல்வாற்றுக்கு அன்று வயது பதினேழு.

1993 முதல் 2010 வரை ஒஸ்திரியப் பனிச்சறுக்குச் சங்கத்தின் நோர்டிக் துறைப் பணிப்பாளராய் இருந்தார். அவ்விடைக்காலத்தே வேறொரு கேடு மிகுந்தது: மெலிந்தவர் தொலைவு செல்வர் என்று கண்டு, வீரர் உணவு குறைத்து உடலை வருத்தலாயினர். 2004 இல் அனைத்துலகச் சம்மேளனம், உடல்நிறை குறைந்தோர் குறுகிய பலகையே பூணவேண்டும் என விதித்தது. பலகை குறுகின், காற்றின் தாங்கலும் குறையும். அவ்விதி வந்த பின்னரும் 2006 இலும் 2010 இலும் ஒலிம்பிக் குழுப் பொற்பதக்கம் ஒஸ்திரியர்க்கே உரியதாயிற்று. 2010 இலேயே இன்னவர் அப்பதவியை விட்டு நீங்கினார்.