உங்களுக்குத் தெரியுமா? பிங்குக்கு மௌனம், ஏஆர்பிக்குப் பதில்!

நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவிகள் இருக்கின்றன என்று பார்க்க எல்லோரும் முதலில் தட்டுவது ‘பிங்’. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய குட்டி நிரல் அது. ஆனால் ஃபயர்வால் போட்ட கணினி பல நேரம் பிங்குக்கு வாயே திறக்காது. பதில் வரவில்லை, ஆகவே ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போனால் பாதுகாப்புச் சோதனை அம்பேல்!

ஒரே லேனுக்குள் (உள்ளூர் நெட்வொர்க்குக்குள்) இருந்தால் வேறு வழி உண்டு: 1982-இல் வகுக்கப்பட்ட ஏஆர்பி என்ற நெறிமுறை. “192.168.1.37 யாருப்பா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி அது கேட்கும். உரியவர் தன் மேக் முகவரியை (வன்பொருள் முகவரியை) சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு வரவேண்டிய தரவும் வந்து சேராது. சாதாரண ஃபயர்வால் இதில் தலையிடுவதில்லை. அட்மின் உரிமையோடு ஓட்டினால், என்மேப் கருவி உள்ளூர் நெட்வொர்க்கில் தானாகவே ஏஆர்பிக்கு மாறிவிடும். 254 முகவரிகளைச் சில நொடிகளில் சலித்துவிடும்.

மேக் முகவரியின் முதல் 6 இலக்கங்கள் தயாரிப்பாளரையும் காட்டிக்கொடுக்கும். மாடிப்படிக்கு அடியில் எல்லோரும் மறந்துபோன பழைய பிரிண்டர், சிசிடிவி பெட்டி எல்லாம் இப்படித்தான் அகப்படும். (செல்போன்கள் இப்போது மாற்று மேக் காட்டுகின்றன, அங்கே ஏமாறலாம்.) ஒரு குறை, ஏஆர்பியின் குரல் ரூட்டரைத் தாண்டாது.