முதுகில் முளைத்த கொம்பு

1515-ஆம் ஆண்டு மே மாதம், நம் இந்திய நாட்டுக் காண்டாமிருகம் ஒன்று கப்பலில் லிஸ்பன் நகரை அடைந்தது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதனைக் கண்டவரல்லர். லிஸ்பனிலிருந்து வந்த மடலையும் படத்தையும் கொண்டே மரச்செதுக்கு ஓவியம் ஒன்றை ஆக்கினார். அதில் முதுகின்மேலும் ஒரு சிறு கொம்பு!

போர்த்துக்கல் மன்னர் மனுவேல் அவ்விலங்கைப் பாப்பரசர் 10-ஆம் சிங்கராயருக்குக் காணிக்கையாக அனுப்பினார். 1516-இல் இத்தாலியக் கடலோரம் கப்பல் மூழ்க, அது மாண்டது. மெய்யான விலங்கு மறைந்தது. பொய்க் கொம்போ இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய நூல்களில் நிலைத்தது.

அன்பர்களே! காணாது வரைந்தபோது பெருங்கலைஞரும் தவறினார். பிறர் சொல் கேட்டே அயலாருக்கு நாம் எத்தனை கொம்புகளை வரைகிறோம்! அவர் மறைந்த பின்னும் அவை மறைவதில்லை. எட்டாம் கட்டளையை இன்றிரவு குடும்பமாகச் சிந்திப்போமாக.