காணொளித் தர மதிப்பீடு

காணொளித் தர மதிப்பீடு என்பது, எண்முறையில் அனுப்பப்படும் காணொளி பார்ப்பவரைச் சேரும்போது எவ்வளவு தரம் குன்றியுள்ளது என்பதைக் கணினி நிரலால் தானாக அளவிடுவதாகும். அனுப்புவதற்கு முன் காணொளி சுருக்கப்படுவதாலும், வழியில் தரவு இழக்கப்படுவதாலும் படம் மங்குதல், கட்டங்கட்டமாகத் தெரிதல் போன்ற குறைகள் தோன்றுகின்றன.

மனிதர் தரும் மதிப்பெண்

பலரிடம் காணொளியைக் காட்டி, 1 முதல் 5 வரை மதிப்பெண் பெற்று, சராசரி காண்பது நம்பகமான வழி. இதற்கான நெறிமுறைகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.500 பரிந்துரை வகுத்துள்ளது. ஆனால் இதற்கு நேரமும் செலவும் மிகுதி. நேரலை ஒளிபரப்புக்கு இது பொருந்தாது. ஆகவே மனிதர் தரும் மதிப்பெண்ணை முன்கூட்டியே கணிக்கும் நிரல்கள் தேவைப்படுகின்றன.

வகைகள்

* முழு ஒப்பீடு: மூலக் காணொளி முழுவதும் கையில் இருக்கும்.
* பகுதி ஒப்பீடு: மூலத்தின் சில பண்புகள் மட்டும் கிடைக்கும்.
* ஒப்பீடற்றது: வந்து சேர்ந்த காணொளி மட்டுமே இருக்கும்.

அளவைகள்

பழைய அளவையான பிஎஸ்என்ஆர், இரு படங்களின் படப்புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடுகளின் வர்க்கச் சராசரியிலிருந்து டெசிபெல்லில் கணக்கிடப்படுகிறது. 8 பிட் படத்தின் எல்லாப் புள்ளிகளிலும் ஒளிர்வை 10 அலகு கூட்டினால் வர்க்கச் சராசரி 100 ஆகும். பிஎஸ்என்ஆர் ஏறத்தாழ 28.1 டெசிபெல். கண்ணுக்குப் படம் சற்று வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவே. அதே 100 கட்டங்களாகச் சிதைந்த படத்திலும் வரலாம். அதைப் பார்ப்பவர் பொறுக்கமாட்டார். இரண்டுக்கும் கிடைக்கும் எண் ஒன்றே.

இக்குறையைக் களைய 2004 இல் வெளியான எஸ்எஸ்ஐஎம், ஒளிர்வு, மாறுபாடு, கட்டமைப்பு ஆகியவற்றை ஒப்பிடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2016 இல் திறமூலமாக வெளியிட்ட விமாஃப், பல அளவைகளை இயந்திரக் கற்றலால் இணைத்து, பொதுவாக 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. மனிதர் தந்த மதிப்பெண்களைக் கொண்டே இது பயிற்றுவிக்கப்பட்டது.

வரம்புகள்

படத்தின் கூர்மையையும் மாறுபாட்டையும் செயற்கையாகக் கூட்டினால் விமாஃப் மதிப்பெண் உயரக்கூடும். அதனால் சுருக்க நிரல்களை ஒப்பிடும்போது தவறான முடிவு கிடைக்கலாம். இதைத் தவிர்க்க, அத்தகைய உயர்வைக் கணக்கில் கொள்ளாத தனி வடிவமும் பின்னர் வெளியிடப்பட்டது. எந்த அளவையும் மனிதர் தரும் மதிப்பெண்ணோடு ஒத்துப்போகும் அளவுக்கே நம்பத்தக்கது.