அசலா, நகலா? ஹாங்காங் ‘பூனைத் தெரு’வில் பழைய பீங்கான் வாங்குவோர் உஷார்!

ஹாங்காங்கில் ஒரு தெருவுக்குப் பெயர் ‘பூனைத் தெரு’. பூனை விற்கிற தெரு அல்ல. பழைய சாமான் விற்கிற தெரு.

திருட்டுச் சாமானுக்கு அந்தக் காலத்தில் அங்கே ‘எலிச் சரக்கு’ என்று பெயர். அதைத் தேடி வந்து வாங்குகிறவர்கள் பூனைகள். அப்படி வந்த பெயர் என்று சொல்கிறார்கள்.

சர்க்கார் ரிக்கார்டில் இது ‘அப்பர் லஸ்கார் ரோ’. லஸ்கார் என்றால் கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமி. ஒரு காலத்தில் நம்மவர்கள் குடியிருந்த தெருதான்! பக்கத்திலேயே ஹாலிவுட் ரோடு. அங்கே கண்ணாடி அலமாரி வைத்த பெரிய கடைகள். இங்கே சின்னக் கடைகள், தெருவோரக் கடைகள்.

வியாபாரத்துக்கும் சுற்றுலாவுக்கும் போகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு. நீலப் பூப்போட்ட ஜாடி ஒன்று கண்ணில் படும். “மிங் காலம் சார், ஐந்நூறு வருஷம்” என்பார் கடைக்காரர். இரண்டாயிரம் டாலரில் பேரம் ஆரம்பிக்கும். வேண்டாம் என்று திரும்பி நடந்தால், இருநூறுக்கு இறங்கும்.

ஐந்நூறு வருஷத்துச் சாமான் ஐந்தே நிமிஷத்தில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வருகிறதா? அங்கேயே மனக்கணக்குப் போட வேண்டாமா?

கோழிக் கிண்ணம் 28 கோடி!

அசல் கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. 2014-ல் ஹாங்காங்கில் நடந்த ஏலத்தில் ஒரு சின்னக் கிண்ணம் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. சேவல், கோழி, குஞ்சுகள் வரைந்த கிண்ணம். வாயகலம் சுமார் 8 சென்டிமீட்டர்தான். மிங் வம்சத்துச் செங்குவா மன்னர் காலத்தில் (1465–1487) செய்தது. ஏலம் எடுத்த கோடீஸ்வரர் அதிலேயே டீ ஊற்றிக் குடித்து, உலகம் பூராவும் பேச வைத்தார்.

இந்த விலைதான் போலிக்காரர்களுக்கும் ஆசை காட்டுகிறது.

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் இருக்கிறது ஜிங்தேஜென் நகரம். மிங், சிங் வம்சத்து அரண்மனைகளுக்குப் பீங்கான் சுட்டுக் கொடுத்த ஊர். பீங்கானுக்கு வேண்டிய ‘கயோலின்’ என்ற வெள்ளை மண்ணுக்கு, இந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள காவோலிங் என்ற இடத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே ஊரில் இன்றைக்கும் சூளைகள் எரிகின்றன. பழைய ஜாடியைப் போலவே புது ஜாடி செய்யும் கைதேர்ந்த தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் எதுவும் இல்லை. பொய் சொல்லி விற்கும்போதுதான் மோசடி ஆரம்பமாகிறது.

அடியில் உள்ள எழுத்து ஆதாரம் அல்ல

ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஆறு சீன எழுத்துக்கள் இருக்கலாம். முதல் இரண்டு வம்சத்தின் பெயர், அடுத்த இரண்டு மன்னர் காலத்தின் பெயர், கடைசி இரண்டு ‘காலத்தில் செய்தது’ என்ற பொருள். “இதோ பாருங்க, ராஜா முத்திரையே இருக்கு” என்று கடைக்காரர் காட்டுவது இதைத்தான்.

இதை நம்பிப் பணத்தை எண்ணினால் போச்சு! எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். காங்சி மன்னர் காலத்தில் (1662–1722) செய்த சாமான்களிலேயே முந்தைய மிங் மன்னர்களின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அது ஏமாற்று அல்ல, முன்னோர்களுக்குக் காட்டிய மரியாதை. 19-ம் நூற்றாண்டில் காங்சி பெயரையே போட்டுச் செய்தார்கள். இன்றைய போலிக்காரர் எல்லாப் பெயரையும் போடுகிறார்.

ஆனால் அடிப்பக்கம் ஒரு உண்மையைச் சொல்லும். ‘சைனா’ என்று ஆங்கிலத்தில் அச்சாகி இருந்தால் அது மிங்கும் அல்ல, காங்சியும் அல்ல. இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதற்கு அப்புறம்தான் இந்த வழக்கம் பரவியது. ‘மேட் இன் சைனா’ என்று இருந்தால் அதைவிடவும் புதுசு.

ரோஜா நிறம் காட்டிக் கொடுக்கும்

நிறமும் ஒரு சாட்சி. தங்கத்தில் இருந்து எடுக்கும் ரோஜா நிறப் பூச்சு, காங்சி மன்னரின் கடைசிக் காலத்தில்தான் சீனப் பீங்கானில் வந்தது. மிங் வம்சம் ஆட்சியை இழந்தது 1644-ல். ஆகவே ரோஜாப் பூப் போட்ட ‘மிங் ஜாடி’ என்று யாராவது நீட்டினால், வாங்காமல் நடையைக் கட்டலாம்.

டீத் தண்ணி மேக்கப்!

அடுத்துப் பார்க்க வேண்டியது அடி வளையம். ஜாடி தரையில் உட்காரும் இடம். பெரும்பாலும் அங்கே பளபளப்புப் பூச்சு இருக்காது. உள்ளே இருக்கும் மண் வெளியே தெரியும். பழைய சாமானில் அந்த இடம் தேய்ந்து வழவழப்பாகி இருக்கும். அழுக்கு ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் கம்மியாகவும் ஏறியிருக்கும்.

போலியில்? டீத் தண்ணியில் ஊற வைத்தோ, பூட் பாலிஷ் தடவியோ பழுப்பு ஏற்றிவிடுகிறார்கள். அது பெயின்ட் அடித்த மாதிரி ஒரே சீராக இருக்கும்.

புதுப் பீங்கானின் கண்ணைப் பறிக்கும் பளபளப்பைக் குறைக்க ஆசிட் போடுவார்கள், உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குட்டு வெளிப்படும். நூறு வருஷம் புழங்கிய தட்டில் கீறல்கள் நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும். உப்புத்தாள் போட்ட கீறல்கள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும்.

இந்தச் சோதனைகளில் தவறினால் அது போலி என்று சொல்லிவிடலாம். தேறிவிட்டாலோ, அசல் என்று சொல்லிவிட முடியாது. கெட்டிக்காரப் போலி எல்லாவற்றிலும் தேறும்!

விஞ்ஞானத்துக்கும் டிமிக்கி

விஞ்ஞானச் சோதனையும் இருக்கிறது. அடியில் சிறு துளை போட்டு எடுத்த மண்ணைச் சூடாக்கி, அது விடும் ஒளியை அளந்து, கடைசியாகச் சூளையில் சுட்டது எப்போது என்று கணக்கிடுவார்கள்.

இதற்கும் டிமிக்கி கொடுக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். உடைந்த பழைய ஜாடியின் அடிப்பாகத்தைப் புது உடம்போடு ஒட்டுவது ஒரு வழி. துளை போடுவது அடியில்தானே! கதிர்வீச்சுப் பாய்ச்சி வயதைக் கூட்டுவது இன்னொரு வழி.

நிபுணர்களும் தடுமாறுகிறார்கள். 2022-ல் பிரான்சில் பாரிஸ் அருகே ஒரு நீல வெள்ளை ஜாடி ஏலத்துக்கு வந்தது. 20-ம் நூற்றாண்டுச் சாமான்தான் என்று முடிவு கட்டி, 1,500 முதல் 2,000 யூரோ வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார் நிபுணர். ஏலத்தில் சுத்தியல் விழுந்தது 77 லட்சம் யூரோவில்! வாங்க வந்தவர்கள் அதை 18-ம் நூற்றாண்டு அசல் என்று நினைத்தார்கள்.

இவ்வளவு பெரியவர்களே ஒருவருக்கொருவர் மாறுபடும்போது, விமானம் பிடிக்கிற அவசரத்தில் அரை மணி நேரம் கடையில் நிற்பவர் என்ன கண்டுவிட முடியும்?

அசல் என்றால் சிக்கல்

சீனாவுக்குள்ளேயே, பெய்ஜிங் சந்தை மாதிரி இடத்தில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. 1911-க்கு முந்தைய கலைப் பொருள்கள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று 2007-ல் சீன அரசு விதியைக் கடுமையாக்கியது. எல்லைக்கோடாக அதற்கு முன் பொதுவாக வைத்திருந்தது 1795.

ஆக, பெய்ஜிங்கில் வாங்கிய ‘காங்சி கிண்ணம்’ போலியாக இருந்தால் பணம் போச்சு. அசலாக இருந்தால் சுங்கத்தில் சிக்கல். ஹாங்காங்கில் இந்தத் தடை இல்லை. அங்கே ஏற்றுமதிக்குத் தடை இல்லையே தவிர, போலிக்குப் பஞ்சம் இல்லை!

பில்லில் எழுதச் சொல்லுங்கள்

பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால், எந்தக் காலத்துச் சாமான் என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். தவறு என்று தெரிந்தால் பணம் வாபஸ் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். ‘மிங் காலம்’ என்பது வேறு, ‘மிங் ஸ்டைல்’ என்பது வேறு. வாயால் ‘காலம்’ என்று சொல்லிவிட்டு, பில்லில் ‘ஸ்டைல்’ என்று எழுதினால் அங்கேயே ஜாடியைக் கீழே வைத்துவிடலாம்.

வாங்கப் போகும் முன் அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. ஐதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. ஹாங்காங்கிலேயே பூங்காவுக்குள் தேநீர்ப் பாத்திர மியூசியம் இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, அப்புறம் பூனைத் தெருவுக்குப் போகலாம்.

ஜாடி அழகாக இருக்கிறதா? வீட்டு அலமாரியில் வைக்கப் பிடித்திருக்கிறதா? தாராளமாக வாங்கலாம். புதுச் ஜாடிக்கு என்ன விலையோ, அதைக் கொடுத்தால் போதும்.